ஸ்டியரிங்கில் ஆறு பட்டன்

"எனக்கு என்ன தெரியலைன்னு சொல்லுங்க மாஸ்டர்" என்று கேட்டார் மைதீன் பிச்சை.

ஜெபராணி ஒரு ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியலைன்னு யாரு சொன்னா?"

"பிறகு ஏன் ஒரு ஸ்டியரிங்கைக்கூட என் கையில தர மாட்டேங்கீங்க? ஸ்பீக்கர் மாட்டுதேன். கேமரா மாட்டுதேன். ஸ்டியரிங்ல பட்டன் வைக்கணும்னு ஒரு வண்டி வந்தா மட்டும் நீங்களே போய் உக்காந்துடுதீங்க."

பாளையங்கோட்டையில் கார் ஆடியோ மாட்டும் கடை அது. ஜெபராணிதான் முதலாளி, அவரேதான் மாஸ்டர். மைதீன் பிச்சை அவரைவிட இருபது வயதாவது மூத்தவர். சவூதியில் தம்மாம் பக்கம் டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். மேலப்பாளையத்தில் சொந்தமாக ஒரு கடை போடும் நினைப்பு இருந்தது. தொழில் படிக்க வந்த புதிதில், மகள் வயதுப் பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை. இப்போது வேறு மாதிரி கூப்பிட வராது.

ஜெபராணி ஈயம் ஆறியதும் ஒயரை இழுத்துப் பார்த்தார். பிடித்திருந்தது.

"சரி பாய். அடுத்து வர்ற ஸ்டியரிங் உங்களுக்கு."

மைதீன் பிச்சை இன்னும் இரண்டு வாதங்களைத் தயாராக வைத்திருந்தார். அவற்றுக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

அடுத்த வண்டி அன்றைக்கே வந்தது.

ஓட்டிவந்தவர் பெயர் சண்முகவடிவு. சங்கரன்கோவில் பக்கம். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியிலிருந்து இறங்கியவர் கதவைச் சாத்தவில்லை, உடனே பேச ஆரம்பித்துவிட்டார்.

"பிள்ளையை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்திருக்கேன். சாயங்காலம் கூட்டிட்டுப் போகணும். அதுக்குள்ள முடியுமா?"

"என்ன செய்யணும், சொல்லுங்கம்மா" என்றார் மைதீன் பிச்சை.

"பின்சீட்ல அவ மட்டும்தான் இருப்பா. பாட்டு ஓடணும் அவளுக்கு. இல்லைன்னா கையைக் காலை உதறுவா. நான் ஒத்தை ஆளா ஓட்டுதேன். ஸ்டீரியோ பட்டனுக்குக் கையை நீட்ட வேண்டியிருக்கு. போன வாரம் அப்படி நீட்டும்போது எதிர்ல ஒரு டிப்பர் லாரி..."

"புரிஞ்சுதும்மா. இனி நீங்க ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே வேண்டாம். எல்லாம் உங்க கட்டைவிரல்கிட்டயே வந்துரும்."

சண்முகவடிவு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மைதீன் பிச்சை பட்டன் எடுக்க உள்ளே போயிருந்தார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போனார்.

ஜெபராணி பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதீன் பிச்சை கடையில் இருந்ததிலேயே நல்ல பட்டன் தொகுதியை எடுத்தார். ஆறு பட்டன். ராத்திரியில் நீலமாக ஒளிரும்.

வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஏர்பேக்கில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று காத்திருந்தார். பையை அலுங்காமல் எடுத்து, முகப்பு மேலே பார்க்க பெஞ்சில் வைத்தார். ஸ்டியரிங்கில் பட்டனுக்கான குழி ஏற்கெனவே இருந்தது. விலை குறைந்த மாடல் என்பதால் கம்பெனியில் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். மூடியைப் பெயர்த்துவிட்டுப் பட்டனை உட்கார வைத்தார். ஒயரை ஸ்டீரியோவரை கொண்டுபோனார்.

பிறகு ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, இது சத்தம் கூட்ட, இது குறைக்க, இது அடுத்த பாட்டு, இது முந்தின பாட்டு, இது ரேடியோ, இது போன் என்று ஸ்டீரியோவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அது ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டது.

ஹாரன் அடித்தது. ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது.

"மாஸ்டர், பாருங்க."

ஜெபராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கை எட்டிக்கூடப் பார்க்காமல் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். பக்கத்தில் குழந்தைகளுக்கான பெல்ட் வைத்த சீட் ஒன்று கட்டியிருந்தது.

"ஓட்டுங்க பாய். பாட்டைப் போடுங்க."

மைதீன் பிச்சை பாட்டைப் போட்டார். சத்தம் கூட்டினார். கட்டைவிரல் சொன்னபடி எல்லாம் நடந்தது. வண்ணார்பேட்டை வரை மூன்று பாட்டு மாற்றினார். வாழ்க்கையில் ஓட்டிய வண்டிகளிலேயே இதுதான் தன் சொல் கேட்கிற வண்டி என்று தோன்றியது.

"நிறுத்துங்க" என்றார் ஜெபராணி, தோளைத் தொட்டு.

ஓரமாக நிறுத்தினார்.

"நான் எத்தனை தடவை இருமினேன்?"

"நீங்க இருமினீங்களா?"

"திரும்பி விடுங்க. கடைக்குப் போவோம்."

இந்தத் தடவை மைதீன் பிச்சை காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினார். ஆற்றுப் பாலம் தாண்டும்போது கண்ணாடியில் மாஸ்டரின் தோள் குலுங்குவது தெரிந்தது. சட்டென்று சத்தம் குறைக்கும் பட்டனை அமுக்கினார். ஒரு படி இறங்கியது. மறுபடி அமுக்கினார். இன்னொரு படி. வளைவு வந்தது. ஸ்டியரிங் திரும்ப, பட்டனும் கூடவே திரும்பிப் போனது. விரல் தேடியது. ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. புதுப் பாட்டு ஒன்று மேளத்தோடு ஆரம்பித்தது. எதிரே ஒரு பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு உரசுகிற மாதிரி போனது.

அவராகவே வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டீரியோவுக்குக் கையை நீட்டி அணைத்தார்.



"அந்த அம்மா என்ன சொல்ல வந்தாங்க மாஸ்டர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்ககிட்டல்ல சொல்ல வந்தாங்க."

மைதீன் பிச்சை போனை எடுத்தார். சாவியில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்து அந்த அம்மாவின் நம்பரைப் போட்டார். என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். கார் கடையிலிருந்து என்று மட்டும் சொன்னார்.

"வண்டி முடிஞ்சுட்டா பாய்?"

"இல்லைம்மா. காலையில நீங்க பேசிக்கிட்டிருக்கும்போதே நான் உள்ள போயிட்டேன். மிச்சத்தைச் சொல்லுங்க."

மிச்சத்தை யாரும் கேட்டுப் பழக்கமில்லாதவர் மாதிரி தயங்கித்தான் ஆரம்பித்தார் சண்முகவடிவு.

"அவளுக்குத் தொண்டையில டியூப் வச்சிருக்கு பாய். அது வழியாத்தான் மூச்சு விடுதா. சளி அடைச்சிக்கிட்டா வண்டியை நிறுத்தி உடனே எடுக்கணும். கூப்பிடவும் அவளால முடியாது, அழுதாலும் சத்தம் வராது. மூச்சு மாறுறதை நான்தான் காதால கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

"பாட்டு ஓடுச்சுன்னா..."

"கேக்காது. பாட்டு இல்லைன்னா அவ வண்டியில உக்கார மாட்டா. பாட்டு இருந்தா எனக்குக் கேக்காது. அதான், மனசுல சந்தேகம் வந்த நிமிஷம் அணைக்கணும். போன வாரம் அணைக்கத்தான் கையை நீட்டினேன். மத்தபடி பாட்டை மாத்துறது கீத்துறது எல்லாம் எனக்கு எதுக்கு?"

பேச்சுக்குப் பின்னால் மெல்லிய விசில் மாதிரி ஏதோ கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"அது என்ன சத்தம்மா?"

"கோமுதான். மடியில படுத்திருக்கா. இப்போ நல்லாத்தான் விடுதா."

மைதீன் பிச்சை போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பாய், பாய் என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் "சாயங்காலம் வாங்கம்மா" என்றார்.

கடைக்கு வந்ததும் ஸ்டீரியோவுக்கு மறுபடி பாடம் நடத்தினார். போன் பட்டனை எடுத்து, ஒரே அமுக்கில் பாட்டு அடங்குகிற மாதிரி மாற்றினார். அமுக்கினார். அடங்கியது. திரும்ப அமுக்கினார். வந்தது.

போதும் என்று இறங்கப் போனவர் இறங்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து, பதறுகிறவனைப் போல் சட்டென்று பிடித்துப் பார்த்தார். விரல் முந்தின பாட்டில் விழுந்தது. மறுபடி பிடித்தார். ரேடியோவில் விழுந்தது. இன்னொரு முறை. சத்தம் கூட்டும் பட்டன்.

இறங்கிப் போய்ப் பேட்டரி ஒயரைக் கழற்றினார்.

"டீ சொல்லவா பாய்?" என்று கேட்டார் ஜெபராணி.

"இப்போ வேண்டாம் மாஸ்டர்."

ஏர்பேக் வடிவதற்காகக் காலையில் காத்திருந்த அதே நேரம் மறுபடி காத்திருந்தார். காலையில் அது நீளமாகத் தெரிந்தது. பட்டன் தொகுதியை வெளியே எடுத்துப் பின்மூடியைத் திறந்தார்.

ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் கடுகளவு ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. ஒன்றின் அளவு மற்றதற்கு இருக்காது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இது கூட்டு, இது குறை என்று ஸ்டீரியோ அடையாளம் காணும். மைதீன் பிச்சை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் ரெசிஸ்டரின் தலைக்கும் காலுக்கும் நடுவே ஒரு துளி ஈயத்தால் பாலம் போட்டார். வித்தியாசம் போய்விட்டது. அடுத்ததற்குப் போனார்.

ஜெபராணி பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ணுதீங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணாக்குதேன்."

"ஆறு பட்டன் வச்சு ஒரு வேலையா?"

"ஆமா மாஸ்டர்."

ஜெபராணி மேஜை விளக்கை இழுத்து அவர் கைக்கு நேராகத் திருப்பி வைத்தார். பிறகு தன் வேலைக்குப் போய்விட்டார். ஆறும் ஒன்றானதும் மைதீன் பிச்சை பட்டனைத் திரும்ப மாட்டி, ஸ்டீரியோவுக்கு அடங்கு என்கிற ஒரே பாடத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தார்.

வெயில் சாயும்போது சண்முகவடிவு ஆட்டோவில் வந்தார். தோளில் மகள் கோமதி. ஐந்து, ஆறு வயது. கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, நடுவில் சின்னதாக டியூப் தெரிந்தது. குழந்தை யாரையும் பார்க்கவில்லை. பின்சீட்டில் உட்கார வைத்ததும் பெல்ட் போடவிடாமல் கையை உதறினாள். அம்மா பாட்டைப் போட்டார். உதறல் நின்றது.

"எந்தப் பட்டன் பாய்?"

"எதுன்னாலும்."

"எதுன்னாலும்னா?"

"கை எங்க படுதோ அது."

சண்முகவடிவு நம்பாமல் ஒன்றை அமுக்கினார்.

பாட்டு அடங்கியது.

பின்சீட்டிலிருந்து மூச்சு கேட்டது. மெல்லிசாக, ஒரே சீராக. கடையில் இருந்த மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

கோமதி முன்சீட்டை உதைத்தாள். அம்மா வேறொரு பட்டனை அமுக்கினார். பாட்டு வந்தது. இன்னொன்றை அமுக்கினார். அடங்கியது. ஆறையும் அமுக்கிப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தம் கூட்டணும்னா?"

"அதுக்குக் கையை நீட்டத்தான் வேணும்மா. அதுக்கு நேரம் இருக்கும்."

வண்டி கிளம்பியது. கண்ணாடிகள் இறங்கியிருந்ததால் பாட்டு தெருவுக்கும் கேட்டது. மைதீன் பிச்சை வாசலில் நின்றார். ஜெபராணியும் வந்து நின்றார்.

தெருமுனையில் வண்டி திரும்பும்போது பாட்டு நின்றது.

பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி ஊர்ந்தது. ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு அதைக் கடந்து போனது.

பாட்டு மறுபடி கேட்டது.

மைதீன் பிச்சை அப்போதுதான் மூச்சு விட்டார்.