குட்டையின் வாயில் கொட்டிய மண்

அந்தக் காலத்தில் காகமும் தேரையும் பேசின, நிலமும் பேசியது. ஆனால் நிலம் நாமாகக் கேட்டால்தான் வாய் திறக்கும். வீடு கட்டப்போகிறவள் முளைக்குச்சி அடிப்பதற்கு முன் தரையில் குப்புறப் படுத்து, காதை வைத்து, "இங்க குடியிருக்கலாமா?" என்று கேட்பாள். "இரு" என்று பதில் வந்தால் கட்டலாம். "போ" என்றால் மறுபேச்சே கிடையாது, சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

கரட்டூரில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். அம்மாடி, அப்படியொரு பிடிவாதக்காரியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அவளுடைய ஒரே மகள் பொன்னுத்தாய் முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் மகளுக்கு ஒரு கல்வீடு கட்டிவிட வேண்டும் என்று மாடத்தி ஆசைப்பட்டாள். ஊரோ பாறைமேட்டில் நெருக்கியடித்துக் கிடந்தது. மேட்டுக்குக் கீழே வற்றிப்போன குட்டை ஒன்றுதான் காலியாக இருந்தது.

அதில் இறங்கிப் படுத்துக் கேட்டாள்.

"போ" என்றது குட்டை. "இது தண்ணி படுக்கிற இடம். அடியில இன்னும் படுத்திருக்கு."

மாடத்தி சும்மா இருப்பாளா? மலையடிவாரத்துச் செம்மண்ணை வெட்டி வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினாள். குட்டை இருந்த இடம் தெரியாமல் தூர்ந்தது. மிதித்துச் சமன் செய்துவிட்டு, மறுபடி காதை வைத்துக் கேட்டாள். செம்மண் அந்த இடத்துக்கு நேற்று வந்தது. அதற்கு என்ன தெரியும், பாவம்? "இரு" என்றது.

அப்போது மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கிழட்டுத் தேரை வெளியே வந்தது.

"ஏட்டி மாடத்தி, வந்த மண்ணுகிட்ட கேட்டுட்டே. இருந்தவ வாயில மண்ணை அடைச்சிட்டியே!"

"நல்ல காரியம் நடக்கையில வாயைப் பாரு! போ சனியனே!" என்று அதை விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள். அவள் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தாள்.

வீடு முடிந்து, அங்கேயே பொன்னுத்தாய்க்கு ஆண்பிள்ளை பிறந்தது. அதன் பிறகு, பாயில் தலை சாய்த்தால் தரைக்கு அடியில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு யாரோ பேசப் பார்ப்பது போல, "ம்ம்... ம்ம்..." என்று.

"யம்மா, கீழ யாரோ இருக்காங்க" என்றாள் மகள்.

"எலியா இருக்கும்டி" என்றாள் மாடத்தி. அது எலி இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் வீட்டை விட்டு வா என்று மகளிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் உச்சிவெயிலில் மாடத்தி பாறைமேட்டில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காகங்கள் சட்டென்று பேச்சை நிறுத்தின. பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீர், யாரும் தொடாமலே வளையம் வளையமாக நடுங்கியது. பூமி தூக்கத்தில் புரண்டு படுத்தது. மேட்டு வீடுகள் கடகடவென்று ஆடின. சுவர் கீறியது, ஓடு உதிர்ந்தது, ஆனாலும் வீடுகள் நின்றன. கீழே இருந்த கல்வீடு கொஞ்சம் ஆடியது. பிறகு கூழில் அகப்பை இறங்குவது போலச் சத்தமே இல்லாமல் இறங்கத் தொடங்கியது.

"ஐயோ, எம் பிள்ளை!" என்று மாடத்தி ஓடினாள். காலடியில் மண் சேறாகக் குழைந்தது. தரை நீளமாகப் பிளந்து, பிளவுகளிலிருந்து கறுப்பு மணலும் தண்ணீரும் பீய்ச்சி அடித்தன. வாசல் புதைந்துபோயிருந்தது. சன்னல் மட்டும்தான் மேலே தெரிந்தது. அதன் வழியாகப் பொன்னுத்தாய் குழந்தையை நீட்டினாள்.

"பிடிம்மா!"

மாடத்தி பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தாள். மறுகையை மகளிடம் நீட்டுவதற்குள் சன்னலும் உள்ளே போய்விட்டது.

அவள் சேற்றில் விழுந்து காதை வைத்துக் கதறினாள். "தாயே, நான்தான் ஏமாத்தினேன். என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு!"

உள்ளே நீர் களகளவென்று ஓடி அடங்கியது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பேரன் வளர்ந்து ஆளான பின்னும் அவள் தினமும் அங்கே போய்ப் படுத்துக் கேட்டாள். ஒரு வார்த்தை வரவில்லை.

அன்று முதல்தான் நிலம் மனிதரோடு பேசுவதை விட்டது. பூமி நடுங்கும்போது, பாறைமேல் நிற்கும் வீடு ஆடினாலும் தாங்கிக்கொள்கிறது. நாம் தூர்த்த குட்டைகளும் குளங்களும் மட்டும் வாய் பிளந்து மணலையும் தண்ணீரையும் கக்குகின்றன. மேலே குடியிருப்பது யார் பெற்ற பிள்ளை என்று அவை பார்ப்பதில்லை.