போர்டு மாற்றிய பிறகு

குரு ரெஜினாளுக்கு முப்பத்திரண்டு வயது. சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்தொன்று. டிவி மெக்கானிக்காக இருந்தவர், தூத்துக்குடியில் அவளுடைய கடையில் லேப்டாப் வேலை கற்கச் சேர்ந்திருந்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

வெள்ளிக்கிழமை காலை வக்கீல் சுலைகா லேப்டாப்போடு வந்தார். முந்தின நாள்தான் மாசிலாமணி அதில் மதர்போர்டு மாற்றிக் கொடுத்திருந்தார்.

“ஆன் ஆகுது. ஆனா உள்ள விடமாட்டேங்குது. மீட்புச் சாவின்னு ஏதோ நம்பர் கேக்குது. அப்படி ஒண்ணை எனக்கு யாரும் காட்டினதே இல்ல. உப்பளத்துல வேலை பாத்த நாப்பது பேரு பேசினது இதுலதான் இருக்கு. திங்கட்கிழமை கோர்ட்டு. மூணு பேரு இப்ப உயிரோட இல்ல. யார்கிட்ட போய் மறுபடி கேப்பேன்?”

மாசிலாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லாம் அந்தப் பாதுகாப்பு சிப் பண்ணுத வேலை டீச்சர். பழைய போர்டுல இருந்துக்கிட்டு டிஸ்க்கைப் பூட்டி வச்சிருக்கு. பூட்டப்போறேன்னு கம்பெனிக்காரன் இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? இவங்க பொருளு, இவங்க பாஸ்வேர்டு. இவங்களையே திருடி மாதிரி வாசல்ல நிறுத்துது. இதையெல்லாம் நம்பலாமா? சொல்லுங்க.”

“பழைய போர்டு எங்க?”

“செத்த போர்டுதானே. காயலான் கடைக்குப் போற சாக்குல போட்டேன்.”

“எடுத்துட்டு வாங்க.”

சாக்கைக் கவிழ்த்து அவர் தேடி எடுத்துவந்தார். ரெஜினாள் மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனாள். அரிசியில் பாதி அளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, பழைய போர்டையே திரும்பப் பொருத்தி, டிஸ்க்கைச் செருகினாள்.

திரை பாஸ்வேர்டு மட்டும் கேட்டது. சுலைகா அடித்தார். முதல் ஒலிப்பதிவைத் தொட்டதும் ஒரு கிழவரின் குரல் தன் பெயரையும் ஊரையும் சொன்னது. சுலைகா வாயைப் பொத்திக்கொண்டார்.

மாசிலாமணி அடங்கவில்லை. “இத்துனூண்டு கெப்பாசிட்டர் போனதுக்கு நாப்பது பேரை முழுங்கப் பாத்துச்சே!”

“குப்பையில கிடந்தப்பகூட அந்த சிப் யார்கிட்டயும் வாய் திறக்கல அண்ணே.”

“அப்போ கம்பெனிக்காரனுக்கு வக்காலத்து வாங்குதீங்க.”

“அவனுக்கு நான் ஏன் வாங்கணும்? அவன் சொல்லாம பூட்டினான். பூட்டு இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“சாவி இருக்கான்னு கேக்காம கழட்டினீங்க. இவங்ககிட்ட வாயைத் திறந்து பேசினது யாரு?”

மாசிலாமணி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

ரெஜினாள் பதிவுகள் எல்லாவற்றையும் சுலைகா கொண்டுவந்த வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாள். பிறகு லேப்டாப்பிலிருந்தே மீட்புச் சாவியை வரவழைத்து, அதன் நாற்பத்தெட்டு எண்களையும் தாளில் எழுதினாள். சுலைகாவை உரக்கப் படிக்கச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் ஏழு ஒன்று போலிருந்தது. அதை அடித்துத் திருத்தினாள்.

“இதை லேப்டாப் பையில வைக்காதீங்க. வீட்டுல வைங்க.”

சுலைகா தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாசிலாமணி கவிழ்த்த சாக்கை அள்ளிக் கட்டினார். “நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே டீச்சர். அந்த சிப்பை நம்பலாமா, கூடாதா?”

“ஓடுங்கண்ணே. சாவி வச்சிருக்கிறவங்க இன்னும் தெருமுனை தாண்டியிருக்க மாட்டாங்க. அவங்ககிட்ட கேளுங்க.”