இடது: மேற்படி

குரு என்றால் தாடியும் தள்ளாமையும் இருக்கும் என்று நினைப்பவர்கள் டாக்டர் ஜைனபைப் பார்த்ததில்லை. அவருக்கு வயது முப்பத்தாறு. சீடனான எனக்கு ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷம் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஊசி போட்டுவிட்டு, கண் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன் என்று அவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னை சார் என்பார். நான் அவரை மேடம் என்பேன்.

முதல் முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். என் கையில் ஆப்தல்மாஸ்கோப்பைக் கொடுத்தார். முகாமுக்கு வருகிறவர்கள் அதை டார்ச் என்பார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். பிடிக்குள் பேட்டரி, தலையில் விளக்கு, நடுவே ஒரு பொட்டுத் துளை. துளையில் நம் கண்ணை வைத்து, எதிரே இருப்பவரின் மூச்சு நம் கன்னத்தில் படும் அளவுக்கு நெருங்கினால், அவர் கண்ணுக்குள் அடியில் இருக்கும் நரம்பு தெரியும்.

“அவங்க வலது கண்ணை உங்க வலது கண்ணால பாருங்க. இடதை இடதால. மாத்தினா மூக்கும் மூக்கும் முட்டும்,” என்றார்.

“அவ்வளவுதானே மேடம்?”

“அவ்வளவுதான். முடியலைன்னா கேளுங்க.”

எனக்கு முடியாது. சின்ன வயதிலிருந்தே என் இடது கண் மந்தம். வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கண் வைத்தியம் கற்க வந்த மனுஷன் முதல் நாளே எனக்குக் கண் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? தலையாட்டி வைத்தேன்.

ஒரு டீச்சரின் இடது கண்ணை என் வலது கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். மூக்கு முட்டியது. அவர் பதறிப்போய் நாற்காலியோடு பின்னால் நகர, வரிசையே சிரித்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைப் பிடித்தேன். முகாம் அட்டையில் ‘வலது: நன்று’ என்று எழுதிவிட்டு, இடதுக்கு நேரே ‘மேற்படி’ என்று போட்டேன். டார்ச்சை மட்டும் இடது கண் முன்னால் கொஞ்ச நேரம் ஆட்டிக் காட்டுவேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தடுத்த முகாம்களில் வெட்கங்கெட்ட கை அதற்குப் பழகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் மறுபடியும் முகாம். பேச்சிமுத்து என்ற ஆட்டோக்காரர் வந்து மேடம் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“இடப்பக்கம் வாரது எதுவும் தட்டுப்பட மாட்டேங்கு டாக்டரம்மா. மூணு தடவை சைடு கண்ணாடிய ஒடச்சிட்டேன். நேத்து சைக்கிள்ல வந்த ஒரு பிள்ளைய இடிக்கப் பாத்தேன்.”

“முன்னாடியே வந்திருக்கலாமே?”

“வந்தேனே! பொண்டாட்டி அப்பமே கண்ணக் காட்டு, கண்ணக் காட்டுன்னு வையுதா. டாக்டரே நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துருக்காக, நீ சும்மா கெடன்னு நான்தான் அவ வாய அடைச்சேன். இந்த சாருதான் எழுதிக் குடுத்தாக.”

என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். பையிலிருந்து அட்டையை எடுத்தார். கசங்கிவிடக் கூடாது என்று அதற்கு லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். வலது: நன்று. இடது: மேற்படி. கீழே என் கையெழுத்து.

மேடம் அட்டையைப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சிமுத்துவின் இடது கண்ணுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை என்னிடம் நீட்டினார்.

“சார், இடது கண்.”

என் இடது கண்ணைத் துளையில் வைத்துக் குனிந்தேன். கலங்கின செம்மண் தண்ணீர் மாதிரி ஒரு சிவப்பு, வேறொன்றுமில்லை. நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று அந்த மனுஷன் இமைக்காமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. நிமிர்ந்து மேடத்தின் காதோரம் போனேன்.

“எனக்கு இடது கண் தெரியாது மேடம். எப்பவுமே தெரியாது.”

அவர் பேச்சிமுத்துவைப் பெஞ்சில் மல்லாந்து படுக்கச் சொன்னார். தலைமாட்டில் போய் நின்று, நெற்றிப் பக்கத்திலிருந்து குனிந்து, தன் வலது கண்ணால் அவருடைய இடது கண்ணைப் பார்த்தார். மூக்கு முட்டவில்லை.

“இங்க நின்னா வலது கண்ணே போதும் சார். தலைகீழாத் தெரியும், அவ்வளவுதான். வாங்க.”

போய்ப் பார்த்தேன். எட்டு மாதத்தில் முதல்முறையாக ஓர் இடது கண்ணின் நரம்பைப் பார்த்தேன். குழி விழுந்து வெளிறிக் கிடந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி அரித்த நரம்பு. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். எட்டு மாதத்துக்கு முன்னால் மிச்சம் நிறைய இருந்திருக்கும்.

“இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தெரியாதே மேடம்,” என்றேன். பேச்சிமுத்துவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“நீங்க கேக்கலையே சார்.”

“இப்ப இவர்கிட்ட என்ன சொல்றது? எனக்கு வாய் வராது. நீங்களே சொல்லிடுங்க.”

மேடம் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தேன். ஒரு புது அட்டையை எடுத்து இன்பராஜ், வயது ஐம்பத்தொன்று என்று எழுதினார். என் வலது கண்ணை டார்ச்சால் பார்த்தார். டார்ச்சை அணைத்து மேஜையில் வைத்தார்.

“வலது, நன்று,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பேனா அடுத்த வரியில் நின்றது. “இடது மேற்படின்னு போட்டுடட்டுமா சார்?”

முகம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பெஞ்சில் எழுந்து உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து என்னைக் கவலையோடு பார்த்தார்.

“ஏன் சார், உங்களுக்கும் இடது கண்ணுதானா? தெரியாதா?”

“தெரியாது.”

“அடப்பாவமே! டாக்டருக்கே இப்படியா?” என்று உச்சுக் கொட்டினார். கொஞ்ச நேரம் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப போன தடவ எனக்கு எந்தக் கண்ணால சார் பாத்தீக?”

நான் மேடத்தைப் பார்த்தேன்.

அவர் பேனாவை மூடினார்.

“உங்களைத்தான் கேக்குறார் சார்.”