சந்தைப்பேட்டையில் தானாக ஓடிய கார்

முட்டை வியாபாரி பாவாயம்மாள் புதுக் கார் எடுக்கப் போன இடத்தில், அவள் டிரைவர் செங்கோடனின் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தான் ஷோரூம் மேனேஜர் ரஞ்சன்.

"கூட ரெண்டு லட்சம் போடுங்க மேடம், வண்டி தானாவே ஓடும். டிரைவர் எதுக்கு, தண்டச் சம்பளம்?"

பாவாயம்மாள் யோசனையாகச் செங்கோடனைப் பார்த்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் பேச்சில் தேன் ஒழுகியது.

"ஓட்டிப் பாத்துட்டே வாங்கலாமுங்கம்மா. நான் கையை மடியில வெச்சுக்கறேன். சாரும் கூட வரட்டுமுங்க."

நெடுஞ்சாலையில் கார் தானாகவே வழுக்கிக்கொண்டு போனது. ரஞ்சன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். செங்கோடன் அதைச் சந்தைப்பேட்டைக்குள் திருப்பிவிட்டுக் கையை எடுத்தான்.

முன்னால் போன வண்டிக்குப் பின்னால் மரியாதையாக இடம் விட்டது கார். அந்த இடத்தில் ஷேர் ஆட்டோ புகுந்தது. கார் நின்று மறுபடி இடம் விட்டது, மொபெட் புகுந்தது. அப்புறம் தக்காளி வண்டி, அதன் பின்னால் ஒரு மாடு. ஊரே முந்திப் போக, கார் நின்ற இடத்திலேயே நின்றது.

ரஞ்சனின் போன் அலறியது. முதலாளி ஷோரூமுக்கு வந்து அவனைத் தேடுகிறாராம்.

"யோவ், ஸ்டியரிங்கைப் பிடிய்யா! நெருக்கி உள்ள விடுய்யா!"

"நானுங்களா சார்? நான்தான் தண்டச் சம்பளமாச்சுங்களே!" செங்கோடன் அசையவில்லை.

பின்சீட்டில் பாவாயம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பிடி கண்ணு, போலாம். ஏனுங்க சார், எனக்குச் சாதா வண்டியே போதும். அதுல எவ்வளவு குறைப்பீங்கன்னு ஷோரூம் போறதுக்குள்ள சொல்லுங்க. இல்லீன்னா இவன் மறுபடியும் கையை எடுத்துருவான்!"