கால் பணமும் கால் கவுளியும்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். குதிரைக்கு இருந்த மரியாதை மனிதனுக்கு இல்லாத காலத்துக் கதை இது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் கொள்ளுப்பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. கொள்ளு அமோகமாக விளைந்ததால் அந்தப் பெயர் வந்ததென்று அரண்மனைப் புலவர்கள் பாடினார்கள். அங்கே ஒரு முறை சாமான் வாங்கிப் போனவர்கள் கொள்ளைப்பட்டணம் என்றார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம், போகட்டும்.

ஊரை ஆண்டவர் பரிவளவ மகாராஜா. காலையில் எழுந்தால் மகாராணியின் முகத்தில் விழிக்க மாட்டார், பட்டத்துக் குதிரையின் முகத்தில்தான் விழிப்பார். மகாராணிக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

குதிரைகள் மேல் இருந்த பாசத்தால் மகாராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். குதிரை வைத்திருக்கும் எவரும் அதன் குளம்பைத் தாமே தூக்கிப் பார்க்கக் கூடாது. நொண்டினாலும், நோய் கண்டாலும், நடக்க மறுத்தாலும் அரச லாயத்து வல்லுநர்களிடம்தான் கொண்டுவர வேண்டும். வல்லுநர்கள் மூன்று பேர். சட்டத்துக்கு யோசனை சொன்னவர்களும் அதே மூன்று பேர்தான்.

முதலாமவர் லாடம் அடிக்கும் நன்னியார். இரண்டாமவர் குதிரை வைத்தியர் ஆதித்தர். மூன்றாமவர் சுழி பார்க்கும் சேந்தனார். குதிரையின் உடம்பில் மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து, அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வது அவர் தொழில். ஆகும் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆகும் என்றால் பரிகாரம் செய்ய முடியாதே!

அதே ஊரில் மாறாயி என்று ஒரு வெற்றிலைக்காரி இருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் அவளுடைய கொடிக்கால். விடியும் முன் இலை பறித்து, வெயில் ஏறும் முன் சந்தைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தாமதித்தால் இலை வாடும். வாடிய வெற்றிலையை ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அவளிடம் தவிட்டன் என்று ஒரு குதிரை இருந்தது. தவிட்டு நிறம், சின்ன உருவம், பெரிய காது. மாறாயிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கூடையைச் சுமப்பதும் தவிட்டன், அவள் பேச்சைக் கேட்பதும் தவிட்டன். அவள் ஒரு கவளம் உண்டால் அதில் பாதி அவனுக்கு.

ஒரு நாள் சந்தைக்கு வரும் வழியில் தவிட்டன் முன்னங்கால் ஒன்றை நொண்டினான். மாறாயிக்குக் குனிந்து பார்க்கக் கை துடித்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. நேரே லாயத்துக்கு ஓட்டிப் போனாள்.

"கூலி என்ன ஆகும், ஐயா?" என்று நன்னியாரிடம் கேட்டாள்.

நன்னியார் மீசையைத் தடவிக்கொண்டார். "உன்கிட்ட அதிகமா கேப்பேனா தாயி? கால் பணம்."

மாறாயிக்கு நிம்மதியாக இருந்தது. நன்னியார் நான்கு காலுக்கும் லாடம் அடித்தார். வரும்போது தவிட்டன் ஒரு காலைத்தான் நொண்டினான். லாடம் அடித்த பின் எந்தக் காலை நொண்டுவது என்று அவனுக்கே தெரியவில்லை.

"லாடத்துல குறையே இல்ல. ரத்தத்துல வாயு ஏறிடுச்சு. வைத்தியரைப் பாரு" என்றார் நன்னியார்.

வைத்தியர் ஆதித்தர் குதிரையின் நாக்கைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், மாறாயியின் மடியில் இருந்த முடிச்சையும் ஒரு பார்வை பார்த்தார். "மருந்துக்கு அரைப் பணம்" என்றார். மருந்து உள்ளே போனது. சற்று நேரத்தில் தவிட்டனின் வயிற்றிலிருந்து மற்ற எல்லாம் வெளியே போனது.

"மருந்துல குறையே இல்ல. சுழியிலதான் குறை. சேந்தனாரைப் பாரு" என்றார் ஆதித்தர்.

சேந்தனார் குதிரையைச் சுற்றி வந்தார். நின்றார். பெருமூச்சு விட்டார். "வயித்துக்கு அடியில ஒரு சுழி இருக்கு. குடி கெடுக்கிற சுழி. பார்த்துச் சொன்னதுக்கு முக்கால் பணம்" என்றார்.

காலும் அரையும் முக்காலும் சேர்ந்தால் ஒன்றரை. அவள் முடிச்சில் இருந்ததும் அவ்வளவுதான். அதை அவிழ்த்து மூவர் முன்னும் வைத்தாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"கால் பணம்னா கால்வாசின்னு நெனச்சியா? காலுக்குப் பணம், தாயி! ஒரு காலுக்கு ஒரு பணம். குதிரைக்கு எத்தனை காலுன்னு நீயே பாத்துக்கோ" என்றார் நன்னியார்.

"அரைப் பணம்னா அரைச்ச பணம். சுக்கு அரைச்சதுக்கு ஒண்ணு, மிளகு அரைச்சதுக்கு ஒண்ணு, பெருங்காயம் அரைச்சதுக்கு ஒண்ணு. மருந்து விலை இனிமேதான் சொல்லணும்" என்றார் ஆதித்தர்.

"முக்கால்னா முக்காலம். உன் குதிரைக்கு நேத்தையும் பாத்தேன், இன்னிக்கையும் பாத்தேன், நாளைக்கையும் பாத்தேன். காலத்துக்கு ஒரு பணம். கடைசி எழுத்து வாயிலயே தங்கிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் சேந்தனார்.

கூலி தீரும் வரை குதிரை லாயத்தில் நிற்கும். பௌர்ணமிக்குள் தீராவிட்டால் குதிரை லாயத்துக்கே சொந்தம். அதற்கிடையில் நின்ற இடத்துக்கு வாடகை, தின்ற புல்லுக்கு விலை, போட்ட லத்தியை அள்ளக் கூலி. அள்ளிய லத்தியைத் தோட்டக்காரர்களுக்கு விற்ற காசு மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மாறாயி மகாராஜாவிடம் ஓடினாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மகாராஜா பட்டத்துக் குதிரையின் பிடரியைச் சீவிக்கொண்டே கேட்டார். குதிரையாவது ஒரு முறை அவள் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"லாயத்து விஷயம் வல்லுநர்களுக்குத்தான் தெரியும். வெற்றிலைக்காரிக்கு என்ன தெரியும்? கேட்டதைக் கொடுத்துடும்மா" என்றார் மகாராஜா. கஜானாவில் இருந்து எடுத்துக் கொடுப்பவருக்கு இது சுலபமான யோசனைதான்.

அன்றிலிருந்து மாறாயி கூடையைத் தலையில் சுமந்து நடந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், பாதி இலை வாடிவிடும். சந்தை முடிந்ததும் லாயத்து மதிலுக்கு வெளியே நின்று, "தவிட்டா" என்று கூப்பிடுவாள். உள்ளேயிருந்து ஒரு கனைப்பு வரும். பௌர்ணமி கழிந்ததும் அவனைச் சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமக்க விற்கப் போகிறார்கள் என்று காவல்காரன் சொன்னான். அவள் மதிலில் சாய்ந்துகொண்டு அழுதாள். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

பௌர்ணமிக்கு முன்னால் ஒரு நல்ல நாள் வந்தது. நன்னியாரின் மகனுக்கும் ஆதித்தரின் மகளுக்கும் நிச்சயதாம்பூலம். நாள் குறித்தவர் சேந்தனார். இப்படிப்பட்டவர்கள் சம்பந்தி ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மகாராஜாவே வருவதாகச் சொல்லியிருந்தார்.

தாம்பூலம் மாற்றாமல் நிச்சயம் ஏது? ஊரில் நல்ல வெற்றிலை மாறாயியிடம்தான் உண்டு. ஆகவே மூவரும் அவள் கடைக்கு வந்தார்கள். வெட்கமும் கூட வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை.

நூறு வெற்றிலை அடுக்கிய கட்டுக்குக் கவுளி என்று பெயர். பெரிய மனிதர்கள், மகாராஜா வரும் விசேஷம், ஐந்தாறு கவுளியாவது கேட்பார்கள் என்று மாறாயி நினைத்தாள்.

"எனக்கு ஒரு கால் கவுளி போதும்" என்றார் நன்னியார்.

"எனக்கு அரைக் கவுளி" என்றார் ஆதித்தர்.

"நான் நாள் குறிச்சவன், கொஞ்சம் தாராளமா இருக்கட்டும். முக்கால் கவுளி" என்றார் சேந்தனார்.

அப்போது கடைச் சுவரில் ஒரு பல்லி சத்தமிட்டது. சேந்தனார் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, கவுளியே நல்ல சகுனம் சொல்லிடுச்சு!" என்றார். பல்லிக்கும் கவுளி என்றுதானே பெயர்!

மாறாயி சுவரைப் பார்த்தாள். வெற்றிலைக் கட்டைப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள்.

"கால் கவுளி, அரைக் கவுளி, முக்கால் கவுளி. அவ்வளவுதானே ஐயா? அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"நாங்க சொன்னா சொன்னதுதான்" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

நிச்சயதார்த்தப் பந்தலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் மகாராஜா. மேளம் முழங்க, மாறாயி மூன்று மூடிய தட்டுகளைக் கொண்டுவந்து மூவர் முன்னும் வைத்தாள். ஒரு கூடையையும் கொண்டுவந்திருந்தாள். அதை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

நன்னியார் மூடியைத் திறந்தார். தட்டில் ஒரே ஒரு பல்லியின் கால் இருந்தது.

ஆதித்தர் திறந்தார். தட்டு நிறைய கூழாக அரைத்த ஒன்று பரவிக் கிடந்தது. நடுவில் இரண்டு மிளகுக் கண்கள் மட்டும் அவரைப் பார்த்து விழித்தன.

சேந்தனார் பயந்து பயந்து திறந்தார். ஒரு முட்டை, ஒரு பல்லி, அறுந்த வால் ஒன்று.

பெண்கள் அலறினார்கள். மேளம் நின்றுவிட்டது. "தாம்பூலத் தட்டுல பல்லியா?" என்று மகாராஜா எழுந்தே விட்டார்.

"பயப்படாதீங்க மகாராஜா, எல்லாம் அரிசி மாவுதான்" என்றாள் மாறாயி. "ஐயாமார் கேட்டதைத்தான் கொடுத்தேன். கால் கவுளி கேட்டார், கவுளியோட கால் இருக்கு. அரைக் கவுளி கேட்டார், அரைச்சே வச்சிருக்கேன். முக்கால் கவுளி கேட்டார். முட்டை நாளைய கவுளி, இது இன்னிய கவுளி, வாலை விட்டுட்டு ஓடினது நேத்தைய கவுளி."

பந்தல் குலுங்கச் சிரித்தது. மகாராஜாவும் சிரித்தார். இது வரை அவர் பணம் எதுவும் போகவில்லையே!

"மோசடி!" என்று கத்தினார் நன்னியார். "கால்னா கால்வாசின்னு பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

"அப்படியா ஐயா? அன்னிக்கு லாயத்துல நீங்க வேற பாடம் நடத்துனீங்களே!" என்றாள் மாறாயி. நடந்ததை எல்லோர் முன்னிலும் சொன்னாள். பிறகு மகாராஜாவைப் பார்த்துக் கைகூப்பினாள். "காலுன்னா குதிரைக் கால்தான்னா, தட்டு சரியா இருக்கு, இதையே மாத்திக்கிட்டு நிச்சயம் பண்ணட்டும். காலுன்னா கால்வாசின்னா, என் ஒண்ணரைப் பணத்தோட கூலி தீந்துபோச்சு, என் தவிட்டனைக் கொடுக்கட்டும். எது சரின்னு அவங்களே சொல்லட்டும், மகாராஜா."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், இந்த முறை சிரிக்கவில்லை. நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. ஆதித்தரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என் பொண்ணு மணையில உக்காந்திருக்கா! வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைங்களேன்!" என்றாள்.

"கால்னா... கால்வாசிதான்" என்றார் ஆதித்தர். நன்னியார் தலையாட்டினார். சேந்தனார் நேற்றையும் பார்க்கவில்லை, நாளையையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் மகாராஜாவின் சிரிப்பு நின்றது. "இருங்க. என் லாயத்துக்கும் நீங்க கால் பணம், அரைப் பணம்னுதானே சொன்னீங்க? கணக்கரே, கஜானாவுல இருந்து எப்படிக் கொடுத்தோம்?" என்று கேட்டார். கணக்கர் பந்தலின் கூரையை ஆராயத் தொடங்கினார். வெற்றிலைக்காரி அழுதபோது கேட்காத மகாராஜாவின் காது, கஜானா என்றதும் எவ்வளவு கூர்மையாகிவிட்டது பாருங்கள். கூடுதலாக வாங்கியது அத்தனையும் திரும்பி வர வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார். தவிட்டனையும் கொண்டுவரச் சொன்னார்.

தவிட்டன் நொண்டிக்கொண்டே வந்தான். மாறாயியைக் கண்டதும் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"மகாராஜா, என் குதிரையோட காலை நான் ஒரு தடவை தூக்கிப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"பாரம்மா" என்றார் மகாராஜா. வேறென்ன சொல்வார்?

அவள் முன்னங்காலைத் தூக்கினாள். லாடத்துக்கு உள்ளே, குளம்பின் அடிப்பள்ளத்தில், மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கூழாங்கல். கொண்டை ஊசியால் நெம்பினாள். கல் விழுந்தது. தவிட்டன் காலை ஊன்றிப் பார்த்தான், நேராக நடந்தான். லாடம், மருந்து, சுழி எல்லாம் பார்த்த பிறகும் கல் அங்கேயேதான் இருந்திருக்கிறது! மாறாயி அதை எடுத்து நன்னியாரின் தட்டில், பல்லிக் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தாயி, வெத்தலை..." என்று இழுத்தார் நன்னியார். "இருபத்தஞ்சு இலை. கொடியில விளையுற, பச்சையா இருக்கிற, வாயில போட்டு மெல்லுற இலை."

மாறாயி ஓரத்தில் வைத்திருந்த கூடையைத் திறந்தாள். மூவருக்கும் வேண்டிய வெற்றிலை அதில் தயாராக இருந்தது. "மணையில உக்காந்திருக்கிற பொண்ணு என்ன பாவம் பண்ணினா? எடுத்துக்கோங்க" என்றாள்.

"விலை?"

"கால் பணம்."

நன்னியாரின் முகம் வெளுத்தது. இரண்டு கைகளாலும் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எந்தக் கால், தாயி?" என்றார்.

பந்தலில் எழுந்த சிரிப்பில், மறுபடி கொட்டத் தொடங்கிய மேளக்காரர்கள் தாளத்தைத் தவறவிட்டார்கள். மாறாயி கூடையைத் தவிட்டன் முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். குதிரையின் காலை அதன் சொந்தக்காரரே பார்க்கலாம் என்று மறுநாள் பறையறைந்தார்கள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: விலை சொல்லும்போது ஒரு பொருளும் கூலி வாங்கும்போது வேறு பொருளும் தன் சொல்லுக்கு வைத்திருப்பவன், கடைசியில் அந்தச் சொல்லாலேயே பிடிபடுவான்.