தள்ளுபடியான பொரியல்

முன்பு எப்போதோ வேங்கைநாட்டைக் காரிவளவன் என்றொரு அரசன் ஆண்டான். வழக்குகளைச் சீக்கிரம் முடிப்பதில் அவனுக்குப் பெருமை. அவை அதிகாரி தண்டலைராயருக்கு அது வசதியாக இருந்தது.

அங்காயி என்ற விதவையின் வயல்மீது ராயருக்கு ஆசை. தன்னுடையது என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும் நிலத்தில் வேப்பங்கொப்பு நடுவார்கள். அதை எடுக்கும்வரை ஏர் இறங்கக்கூடாது.

விசாரணையில் ராயர், "சாட்சி வரவில்லை, அரசே" என்பார்.

"தள்ளுபடி!" என்பான் அரசன்.

கொப்பைப் பிடுங்குவார்கள். அங்காயி மாட்டை ஓட்டி வருவதற்குள் ராயர் அதே வழக்கை மறுபடி போட்டுவிடுவார். மூன்று போகம் நிலம் தரிசாகக் கிடந்தது.

"இந்தப் போகமும் போச்சுன்னா அவருக்கே வித்துட்டுப் போக வேண்டியதுதான் சாமி," என்று அமைச்சர் நம்பியிடம் அழுதாள்.

மறுநாள் அரசனின் இலையில் முதலில் பாகற்காய்ப் பொரியல் விழுந்தது.

"எடுத்துப் போ!"

சமையல்காரன் எடுத்துப்போனான். வேறு கிண்ணத்தில் அதையே கொண்டுவந்தான். மறுபடி விரட்டினான் அரசன். மறுபடி வந்தது.

"சோறு எங்கேடா?"

"பொரியல் விவகாரம் முடியாமல் சோறு வைக்கக்கூடாதென்று அமைச்சர் உத்தரவு, அரசே."

நம்பி பக்கத்திலேயே நின்றிருந்தார். "இப்போதைக்கு வேண்டாமா, இனி எப்போதுமே வேண்டாமா என்று தாங்கள் சொல்லவில்லை. அவன் என்ன செய்வான்?"

அரசன் வெற்று இலையைப் பார்த்தான். "இது அந்த வயல் வழக்குதானே?"

"பாகற்காய், அரசே."

அன்று மாலை அவை கூடியதும் அரசன் சொன்னான்: "சாட்சி நோயாகக் கிடந்தால், திரும்ப வரலாம் என்று தள்ளுவோம். வம்புக்கென்றே வந்தால், இனி வராதே என்று தள்ளுவோம். ராயரே, உம்முடையது இரண்டாவது."

"நீங்கள் விசாரிக்கவே இல்லையே, அரசே!"

"விசாரிக்க உட்கார்ந்தபோதெல்லாம் நீர்தான் சாட்சி வரவில்லை என்றீர். மூன்று போக நெல்லையும் அவளுக்கு அளந்துவிடும்."

அங்காயி கைகூப்பினாள். ஆனால் நகரவில்லை. "ராசா, நாளைக்கு மனசு மாறிட்டா?"

அரசன் அமைச்சரைப் பார்த்தான்.

"இனி வராதே என்று தள்ளினால், அதைத் திறக்கத் தங்களுக்கும் உரிமை கிடையாது, அரசே," என்றார் நம்பி.

"எனக்குமா?"

"தங்களுக்கும்தான்."

அரசனுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சரி," என்றான்.

நம்பிக்கு முத்துமாலை பரிசு கொடுத்தார்கள். அங்காயி அதைப் பார்க்க நிற்கவில்லை. இருட்டுவதற்குள் இரண்டு சால் உழுதுவிடலாம் என்று போய்விட்டாள்.