கொத்தத் தெரியாத தாய்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு யானை இருந்தது, சேனை இருந்தது, சண்டை போடும் ஆசையும் இருந்தது. அவரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும், ஏனென்றால் கதை அவருடையது அல்ல. அவர் சண்டைக்குப் போனபோது தானிய மூட்டை ஏற்றிக்கொண்டு பின்னால் போன வண்டிக்காரர்களில் ஒருவன் திரும்பி வரவே இல்லை. அவனுடைய மனைவி நாச்சாத்தாளின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நாச்சாத்தாளின் வீடு கரட்டடியில், பாறைக்குன்றின் அடிவாரத்தில் இருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் ஊர்க்காரர்கள் எல்லோரும் கீழே ஏரிக்கரைக்குக் குடிபோனார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். "அவர் வந்தா இந்த வீட்டத்தானுங்க தேடுவார்" என்று சொல்லி அவள் மட்டும் தங்கிவிட்டாள்.

அவன் வரவில்லை. வருஷங்கள்தான் வந்து போயின. காலையில் கூழ் குடித்தாயா என்று கேட்க ஆளில்லை. காய்ச்சலில் படுத்தால் தண்ணீர் மொண்டு தர ஆளில்லை. சில நாள் அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்ந்துவிடும். தனிமை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், பேச ஆளில்லாமல் தன் குரல் தனக்கே மறந்துபோவதைத்தான் சொல்லுவேன்.

அவளிடம் கீரிக்கோழிகள் இருந்தன. கீரிப்பிள்ளையின் நிறம், குட்டைக் கால், கூர்மையான கண். கரட்டில் தானே மேய்ந்து, தானே மரமேறி, எந்த வெயிலையும் தாங்கும் கோழி அது. ஆற்றோரத்துப் பெரிய கோழிகளைக் கொண்டுவந்து விட்டால் இந்த மண்ணில் ஒரு கோடைகூடத் தாங்காது. ஆகவே அந்தச் சீமை முழுக்க வீட்டுக்கு வீடு கீரிக்கோழிதான்.

ஒரு மாசியில் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிக் கொள்ளைநோய் வந்தது. ஏரிக்கரையில் ஒரு கூட்டில்கூட உயிர் மிஞ்சவில்லை. கரட்டடியிலும் அப்படித்தான். அடுப்படி மூலையில் கூடைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு பெட்டைக்கோழி மட்டும் எப்படியோ தப்பியது. சீமையிலேயே கடைசிக் கீரிக்கோழி அதுதான். அடைக்கோழி கொஞ்ச நேரம் எழுந்து இரை தின்னப் போகும் அல்லவா? அப்படிப் போன வேளையில் காட்டுப்பூனை அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

நாச்சாத்தாள் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு முட்டைக் குழம்பு வைத்திருப்பார்கள். அவள் பழைய சேலையில் பஞ்சு பரப்பி, முட்டைகளை அடுக்கி, வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். கோழி செய்வதைப் போலவே முட்டைகளைப் புரட்டிப் புரட்டி வைத்தாள். எழுந்தே ஆகவேண்டிய நேரத்தில் அடுப்புச் சாம்பலின் வெதுவெதுப்பில் புதைத்துவிட்டு ஓடினாள், ஓடிவந்தாள். கூரை ஓட்டையில் விழும் வெயில் கதிரில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தாள். உயிருள்ள முட்டைக்குள் சிவப்பு நூல் போல நரம்பு ஓடும். பல முட்டைகளில் ஒன்றுமே ஓடவில்லை. மூன்றில் ஓடியது.

அந்த மூன்றும் பொரிந்தன. ஒரு சேவல், இரண்டு பெட்டை. மூத்தவன், நடுவி, கடைக்குட்டி என்று பேர் வைத்தாள். கண் திறந்ததும் அவை முதலில் பார்த்தது அவளுடைய முகத்தைத்தான்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. வைக்கோலும் சாணமும் போட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்து இரை போட்டாள். கம்பு நொய்யை ஊறவைத்து உள்ளங்கையில் ஏந்தினாள். "பா பா பா" என்று கூப்பிட்டால் மூன்றும் மடிக்கு ஓடிவரும். வெளியே விட்டால் பருந்து தூக்கிவிடும் என்று வாசலைத் தாண்ட விடவில்லை. மரமேறினால் விழுந்துவிடும் என்று தன்னோடு கட்டிலிலேயே படுக்கவைத்தாள். மதியம் தூங்கி விழித்தால் மார்பின்மேல் ஒன்று, காலடியில் இரண்டு. அவளைப் போலச் சந்தோஷமாக இருந்தவர்கள் அந்த ராஜாவின் அரண்மனையில்கூட இல்லை.

செய்தி ஏரிக்கரைக்குப் போனது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோழியை வாரத்துக்கு விடுவார்கள். ஒருவர் கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், பொரித்த குஞ்சு இருவருக்கும் பாதிப் பாதி. ஆனால் ஒரு கட்டு: தாய் கொத்தி விலக்கிய குஞ்சைத்தான் கைமாற்ற வேண்டும். தாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குஞ்சைப் பிரிப்பது பாவம்.

முதலில் உழவன் சென்னியப்பன் வந்தான். "அக்கா, கோழியில்லாத ஊடு வெறிச்சுன்னு கெடக்குதுங்க. ஒரு பெட்டையை வாரத்துக்கு விடுங்க."

"தாய் இன்னும் கொத்தி விடலைங்க" என்றாள் நாச்சாத்தாள். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்து செக்காட்டும் வேலப்பன் வந்தான். குஞ்சுகள் அதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டன. "முட்டை போடற வயசாச்சுங்களே அக்கா" என்று இழுத்தான்.

"தாய் இன்னும் கொத்தி விடலைங்க." அவனும் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவன். போய்விட்டான்.

பெட்டைகள் முட்டையிட்டன. எங்கே தெரியுமா? அவள் மடியில். அடைகாக்க இரண்டுக்கும் தெரியவில்லை. இட்டுவிட்டு அவள் பின்னாலேயே சுற்றின. அதனால் என்ன, நான் இருக்கிறேனே என்று அவளே மறுபடியும் வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றிலும் சிவப்பு நூல் இல்லை, எல்லாம் கூமுட்டை.

என் உடம்பில் சூடு குறைந்துவிட்டது போல என்று நினைத்து, மறுமுறை இரண்டு சேலை சுற்றிக்கொண்டாள். அதுவும் கூமுட்டை. யார் கண்ணோ பட்டுவிட்டது என்று நினைத்து, மூன்றாம் முறை மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அதுவும் கூமுட்டைதான்.

அப்போது ஆடு மேய்க்கும் மாராத்தாள் வந்தாள். அவளும் ஒரு கோழி கேட்கத்தான் வந்தாள். வாசலில் உட்கார்ந்தவள் ஏதோ கேட்க வாயெடுத்து, அப்படியே நிறுத்திவிட்டாள். சேவல் மூத்தவன் ஒரு சிறகைத் தரையில் தேய்த்துக்கொண்டு, கழுத்தைச் சிலிர்த்து, நாச்சாத்தாளின் காலைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தான். பெட்டைகள் இரண்டும் பக்கத்தில்தான் நின்றன. அவன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாராத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க்கா, இவன் உங்களைத்தான பொண்டாட்டின்னு நெனச்சுட்டிருக்கான். அப்பறம் முட்டையில எப்படி உசுரு இருக்கும்?"

"பாசத்துல ஆடறானுங்க."

"பாசந்தான். ஆனா தான் ஒரு கோழிங்கறதே அவனுக்குத் தெரியாதுங்க்கா. தாய்க்கோழி குஞ்சு பெருசானதும் என்ன பண்ணும்? மண்டையில கொத்தி, போய்ப் பொழைன்னு முடுக்கிவுட்ரும். நீங்க கொத்தவே இல்லையே."

"தாய் இன்னும்..." என்று தொடங்கினாள் நாச்சாத்தாள்.

"தாய் யாருங்க்கா? நீங்கதான?" என்றாள் மாராத்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "இது மூணும் போச்சுன்னா சீமையில கீரிக்கோழியே இல்லீங்க."

நாச்சாத்தாள் நடுவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "இதுகளையும் முடுக்கிவுட்டா எனக்கு யாரு இருக்கறாங்க?"

மாராத்தாள் கோழி கேட்காமலே எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் நாச்சாத்தாள் மூன்றையும் வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். அவை அதை விளையாட்டு என்று நினைத்தன. பிறகு கதவடியில் நின்று கத்தின. அவள் உள்ளே காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு உலை வைக்கவில்லை. அடுத்த நாளும் அவை கத்தின. அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, பார்த்தது தவறு என்று திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு நிழல் வாசலைக் கடந்து போனது. தலைக்குமேல் நிழல் வந்தால் ஒளிய வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே ஒரு கூச்சல்தான் கேட்டது. அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தபோது மண்ணில் கொஞ்சம் இறகு மட்டும் கிடந்தது. கடைக்குட்டியைப் பருந்து கொண்டுபோய்விட்டது.

நாச்சாத்தாள் வாசலில் நின்று அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு வேலிக்குள்ளிருந்து மூத்தவன் ஓடிவந்தான், பின்னாலேயே நடுவியும் வந்தாள். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. மூத்தவன் அவள் காலடிக்கு வந்து, சிறகைத் தரையில் தேய்த்து, மறுபடியும் ஆட ஆரம்பித்தான்.

கேட்பவர்களே, இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் இருந்தால் இரண்டையும் வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டிருப்பேன். அவள் கையும் அதற்குத்தான் நீண்டது.

நீண்ட கையின் விரல்களைக் குவித்தாள். குனிந்து, அலகால் கொத்துவதைப் போல, மூத்தவன் தலையில் நறுக்கென்று கொத்தினாள். அவன் திகைத்து நின்றான். இன்னொரு முறை கொத்தினாள். நடுவியையும் கொத்தினாள். "போங்க" என்று கத்தினாள். வலி பொறுக்காமல் இரண்டும் சிறகடித்து ஓடி, கரட்டோரத்து வேலமரத்தில் ஏறிக்கொண்டன. பிறந்ததிலிருந்து அவை மரமேறியது அன்றைக்குத்தான். அவள் உள்ளே போய் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப்பின் அவை கதவடிக்கு வரவில்லை. தூரத்தில் மேய்வது தெரியும். கொஞ்ச நாளில் மூத்தவன் நடுவியைச் சுற்றி ஆடுவதும் தெரிந்தது. பார்த்து அவளுக்கு நிம்மதிதான், ஆனால் அந்த நிம்மதியைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. மழைக்காலம் தொடங்கியதும் நடுவியைக் காணவில்லை. அவளும் போய்விட்டாள் என்றே நாச்சாத்தாள் நினைத்தாள். வீடு முன்பு எப்படி இருந்ததோ அதைவிட மோசமாக இருந்தது. முன்பு பேச ஆளில்லாமல்தான் பேசாமல் இருந்தாள். இப்போது பேசிப் பழகிய வாய் சும்மா இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் கிளுவை வேலியடியில் கிய்யா கிய்யா என்று சத்தம் கேட்டது. நடுவி வெளியே வந்தாள். அவள் பின்னால் ஒரு கூட்டம் குஞ்சுகள், அத்தனையும் கீரி நிறம். யாரும் சொல்லித்தராமலே, ஒளிந்திருந்து, தனியாக அடைகாத்துப் பொரித்திருந்தாள்.

நாச்சாத்தாள் கை நிறையக் கம்பு நொய்யை அள்ளிக்கொண்டு போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். "பா பா பா" என்று உள்ளங்கையை நீட்டினாள். ஒரு குஞ்சு கையை நோக்கி வந்தது.

நடுவி இறகெல்லாம் சிலிர்த்து, உடம்பை இரண்டு மடங்காக்கிக்கொண்டு பாய்ந்தாள். அந்தக் கையைக் கொத்தினாள். சதை கிழிந்து ரத்தம் வந்தது. தன்னை வயிற்றில் வைத்துக் காத்தவள் இவள்தான் என்பதெல்லாம் நடுவிக்கு நினைவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கை வருகிறது என்பதுதான்.

நாச்சாத்தாள் கையிலிருந்த நொய்யை மண்ணில் இறைத்தாள். எழுந்து பின்வாங்கினாள். அவை இன்னும் நெருங்கவில்லை. மறுபடியும் பின்வாங்கினாள். அவள் வாசல்படிக்கே போய்விட்ட பிறகுதான் நடுவி கொக்கொக்கென்று குஞ்சுகளைக் கூப்பிட்டுத் தின்னவிட்டாள். ரத்தம் வழிகிற கையைப் பிடித்துக்கொண்டு நாச்சாத்தாள் அங்கிருந்தே பார்த்தாள். அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

தை பிறக்கும் முன்னே நடுவி தன் குஞ்சுகளைக் கொத்தி விலக்கிவிட்டாள். சென்னியப்பன் வீட்டுக்கு, வேலப்பன் வீட்டுக்கு, மாராத்தாள் பட்டிக்கு என்று அவை வாரத்துக்குப் போயின. சீமையில் மறுபடியும் கீரிக்கோழி பெருகியது. நாச்சாத்தாள் அதே வீட்டில், அதே போல, தனியாகத்தான் கூழ் குடித்தாள். ஆனாலும் கட்டிலில் கோழியைப் படுக்கவைக்கவில்லை.

கேட்டீர்கள் அல்லவா, இவ்வளவுதான் நீதி: தன் தனிமைக்குத் துணையாக ஓர் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வது வளர்ப்பு ஆகாது, அந்த உயிர் தன்னை விட்டுப் பிழைக்கும்படி கையை எடுத்துக்கொள்வதே வளர்ப்பு.